நோயாளியிடம் எவ்வளவு சொல்வது? புதிதாகப் பணியில் சேரும் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வார்டில் முதன்முதலாகத் தனியாகப் பொறுப்பேற்கும் இளம் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, நோயாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதுதான். மூத்தவர்களிடமிருந்து இதற்கு இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். எல்லாவற்றையும் சொல்லிவிடு, பிறகு பிரச்சினை வராது என்பார்கள் ஒரு சாரார். தேவையானதை மட்டும் சொல், அதிகம் சொன்னால் பயந்துபோவார்கள் என்பார்கள் மறு சாரார். இரண்டிலும் ஒரே குறைதான் இருக்கிறது: நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே மருத்துவர் அளவைத் தீர்மானித்துவிடுகிறார். நோயாளி இப்போது எடுக்க வேண்டிய முடிவு எது, அதை எடுக்க அவருக்கு எது தெரிந்திருக்க வேண்டும், அதற்கு மேல் எதைத் தெரிந்துகொள்ள அவர் விரும்புகிறார் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். அவற்றுள் கடைசியானது அவரைக் கேட்டால்தான் தெரியும்.

இந்த விஷயத்தில் மருத்துவ உலகின் வழக்கம் ஒரு தலைமுறைக்குள் தலைகீழாக மாறியிருக்கிறது. அமெரிக்க மருத்துவர்களிடம் நடத்தி 1961-இல் வெளியிடப்பட்ட ஒரு கருத்தாய்வில், புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புவதாகச் சுமார் 90% பேர் கூறியிருந்தனர். அதே கேள்விகளை மீண்டும் கேட்டு 1979-இல் வெளியிட்ட ஆய்வில், சொல்லிவிடுவதையே விரும்புவதாக 97% பேர் கூறினர். ஆனால் சொல்லிவிடுவதும், நோயாளியை முடிவில் சேர்த்துக்கொள்வதும் ஒன்றல்ல. நோயின் பெயரைச் சொல்லி, சிகிச்சையைத் தானே தீர்மானித்து, கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டும் மருத்துவர் எதையும் மறைத்தார் என்று சொல்ல முடியாது. ஆயினும் அங்கே நோயாளி முடிவெடுக்க எதுவும் மிச்சமில்லை.

பேசத் தொடங்குமுன்: இங்கே தேர்வு என்று ஒன்று இருக்கிறதா?

குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியிருக்கும் ஒருவரிடம், பல வழிகளைச் சமமாக அடுக்கி, உங்கள் விருப்பம் என்ன என்று கேட்பது அவரை மதிப்பது ஆகாது. அங்கே உண்மை ஒன்றுதான்: அறுவை சிகிச்சை வேண்டும், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. அதைத் தெளிவாகச் சொல்லி, என்ன செய்யப் போகிறோம் என்பதை விளக்கி, ஒப்புதல் பெற வேண்டும். மறுக்கும் உரிமை அப்போதும் அவருக்கு உண்டு. ஆனால் இல்லாத தேர்வு இருப்பதாக நாம் காட்டக் கூடாது.

இதற்கு மாறாக, மருத்துவ அறிவு மட்டும் விடை தராத முடிவுகள் ஏராளம். புராஸ்டேட் சுரப்பியைத் தாண்டிப் பரவாத புற்றுநோய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை வழியாக இந்நோய் கண்டறியப்பட்ட 1,643 ஆண்களைப் பிரிட்டனில் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அறுவை சிகிச்சையும், ஒரு குழுவுக்குக் கதிர்வீச்சும் அளித்து, மூன்றாவது குழுவைத் தீவிரக் கண்காணிப்பில் மட்டும் வைத்தார்கள். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, மூன்று குழுக்களிலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 3% மட்டுமே. குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு மற்ற இடங்களில் இருந்தது. அறுவை சிகிச்சை பெற்றவர்களிடம் சிறுநீர்க் கசிவும் பாலுறவுச் சிக்கல்களும் அதிகம். கதிர்வீச்சு பெற்றவர்களிடம் குடல் தொந்தரவுகள் அதிகம். கண்காணிப்பில் இருந்தவர்களிடம் நோய் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவியது ஏறக்குறைய இரண்டு மடங்கு, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் எப்படியும் சிகிச்சைக்கு வந்தார்கள். சிறுநீர்க் கசிவோடு வாழ என்னால் முடியாது என்பவரும், உடலுக்குள் புற்றுநோயை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது என்பவரும் இந்த விவரங்களிலிருந்து வெவ்வேறு முடிவுகளுக்கு வருவார்கள். இருவருடைய முடிவும் சரியானதே. எது தாங்கக்கூடியது என்பதை நோயாளியால் மட்டுமே சொல்ல முடியும் என்பதால், அவரைக் கேட்காமல் எழுதும் சிகிச்சைத் திட்டம் பாதித் தகவலோடு எழுதப்பட்டதுதான்.

ஆகவே அறைக்குள் நுழையுமுன் ஒரு தாளில் சாத்தியமான வழிகளை எழுதிக்கொள்ளுங்கள். இப்போதைக்கு எதுவும் செய்யாமல் இருப்பதையும் ஒரு வழியாக எழுதுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைத் தேர்ந்தால் அடுத்த சில மாதங்கள் நோயாளியின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று எழுத முயலுங்கள். உங்களால் எழுத முடியவில்லை என்றால், பேசும் நேரம் இன்னும் வரவில்லை. மூத்த மருத்துவரிடமோ அந்த வார்டின் செவிலியரிடமோ முதலில் கேட்டு வாருங்கள். செவிலியர்களுக்கு இதில் நம்மைவிட அதிகம் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கேளுங்கள்

உட்கார்ந்து பேசுங்கள். கதவை அல்லது திரையை மூடுங்கள். கைப்பேசியை ஒலியடக்கி வையுங்கள். இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

பிறகு நோயாளியைப் பேசவிடுங்கள். 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிய பிறகு சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டது. குறுக்கிடாமல் விட்டால் நேரம் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலானோர் ஓரிரு நிமிடங்களில் தாமே முடித்துவிடுவார்கள், அதற்குள் நீங்கள் கேட்க நினைத்தவற்றில் பாதிக்கு விடை கிடைத்திருக்கும்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. "இதுவரை உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்பது முதல் கேள்வி, அவர் அறிந்திருப்பதும் கேஸ் ஷீட்டில் இருப்பதும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது அதில் தெரிந்துவிடும். "இதில் உங்களுக்கு மிகவும் கவலை தருவது எது?" என்பது அடுத்தது. மருத்துவர் மரணத்தைப் பற்றிப் பேசத் தயாராகி வந்திருக்க, நோயாளியின் கவலை எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது என்பதாகவோ, படுக்கையிலிருக்கும் மனைவியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதாகவோ இருக்கக்கூடும். அது தெரியாமல் தரும் விளக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அவர் காதில் விழாது.

மூன்றாவது கேள்விதான் இந்தக் கட்டுரையின் மையம். "சிலர் எல்லா விவரங்களையும் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள், சிலர் முக்கியமானதை மட்டும் கேட்டுக்கொண்டு மற்றதை மருத்துவரிடமோ குடும்பத்திடமோ விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு எப்படி வேண்டும்?" என்று நேராகவே கேளுங்கள். கெட்ட செய்தியைச் சொல்வதற்காக 2000-ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவர்கள் வகுத்த, ஸ்பைக்ஸ் எனப்படும் ஆறு படிகளைக் கொண்ட முறையிலும், செய்தியைச் சொல்வதற்கு முந்தைய படி இந்த அனுமதியைக் கேட்பதுதான். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவு. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு: என்ன சிகிச்சை செய்யப் போகிறோம், ஏன், அதில் பெரிய ஆபத்து ஏதேனும் உண்டா என்ற அளவுக்காவது தெரியாமல் எவரும் ஒப்புதல் தர முடியாது. மேலும், இன்று வேண்டாம் என்பவர் நாளை மறுநாள் கேட்கலாம். "எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன்" என்று கதவைத் திறந்தே வைத்துவிட்டு வாருங்கள்.

சொல்லும்போது

சிறு சிறு பகுதிகளாகச் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி நிறுத்தி, அவர் முகத்தைப் பாருங்கள். புற்றுநோய் என்ற சொல் விழுந்த பிறகு அடுத்த சில நிமிடங்கள் நீங்கள் பேசுவது பெரும்பாலும் அவரிடம் சேராது. சிகிச்சை விவரங்களை அதே மூச்சில் கொட்டுவதைவிட, மாலையிலோ மறுநாளோ வந்து பேசுவது நல்லது. மருத்துவர் சொன்னவற்றில் 40 முதல் 80% வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் தாளும் பேனாவும் தேவை: நீங்கள் பேசப் பேச வரைந்த கோணலான படமும் நான்கு வரிகளும், அச்சடித்த பத்துப் பக்கக் கையேட்டைவிட அதிகமாகப் பயன்படும்.

எண்களைச் சொல்வதில் தனிக் கவனம் வேண்டும், ஏனெனில் பொய் ஒன்றும் சொல்லாமலேயே எண்களால் நோயாளியை நாம் விரும்பும் பக்கம் தள்ளிவிட முடியும். இந்த மருந்து மாரடைப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்பதும், மருந்து இல்லாமல் நூறு பேரில் இருவருக்கு வரும் மாரடைப்பு மருந்தோடு ஒருவருக்கு வருகிறது என்பதும் ஒரே செய்திதான். முதலாவதைக் கேட்பவர் மருந்தை உடனே வாங்கிக்கொள்வார், இரண்டாவதைக் கேட்பவர் யோசிப்பார். இதன் மறுபக்கத்தை 1995-இல் பிரிட்டன் கண்டது. ஒருவகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று எச்சரிக்கை வெளியானதும், பெண்கள் பெருமளவில் மாத்திரையை நிறுத்தினார்கள். வேண்டாத கர்ப்பங்களும் கருக்கலைப்புகளும் கூடின. இரட்டிப்பு என்பது உண்மையில் 7,000 பேரில் ஒருவர் என்றிருந்தது இருவர் என்றானதைத்தான் குறித்தது. எனவே எப்போதும் "நூறு பேரில் எத்தனை பேர்" என்றே சொல்லுங்கள். எல்லா வழிகளுக்கும் அதே நூறு, அதே கால அளவு இருக்கட்டும்.

இன்னொன்று, பிழைப்பவர்களையும் இறப்பவர்களையும் சேர்த்தே சொல்லுங்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா கதிர்வீச்சா என்று 1982-இல் ஓர் ஆய்வில் கேட்டபோது, அறுவை சிகிச்சையில் நூற்றுக்கு 90 பேர் பிழைப்பார்கள் என்று கேட்டவர்களைவிட, 10 பேர் இறப்பார்கள் என்று கேட்டவர்கள் அதைத் தேர்ந்தது குறைவாக இருந்தது. பங்கேற்றவர்களில் மருத்துவர்களும் இருந்தனர், அவர்களும் தப்பவில்லை. "அரிதாக", "சில சமயம்" போன்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் அரிதும் நோயாளியின் அரிதும் ஒன்றாக இருக்காது.

எந்த அபாயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும்?

நூற்றில் ஒன்றுக்கு மேற்பட்டதைச் சொல், மற்றதை விடு என்பது போன்ற கணக்கு ஒரு காலத்தில் வசதியாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் உச்சநிலை நீதிமன்றம் 1992-இல் அதை ஏற்க மறுத்தது. சிறுவயதிலேயே ஒரு கண்ணில் ஏறக்குறையப் பார்வை இழந்த பெண் ஒருவர், அந்தக் கண்ணில் அறுவை சிகிச்சைக்கு வந்தார். நன்றாக இருக்கும் மறு கண்ணுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்பதே அவருடைய கவலை. அதைப் பற்றி அவர் திரும்பத் திரும்ப விசாரித்தார். அறுவைக்குப் பின் மறு கண்ணும் அழற்சியுற்றுப் பார்வையை இழக்கும் வாய்ப்பு சுமார் 14,000-இல் ஒன்று. மருத்துவர் அதைச் சொல்லவில்லை. அந்த ஒன்று அவருக்கு நேர்ந்தது. பொதுவாக மற்ற மருத்துவர்கள் சொல்வார்களா மாட்டார்களா என்பதல்ல அளவுகோல், இந்த நோயாளிக்கு இது பொருட்டானதா என்பதே அளவுகோல் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒற்றைக் கண்ணால் வாழ்பவருக்கு 14,000-இல் ஒன்று என்பது சிறிய எண் அல்ல.

பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் 2015-இல் இதே வழியில் வந்தது. நீரிழிவு உள்ள, சிறிய உடல்வாகு கொண்ட ஒரு கர்ப்பிணியிடம், பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் 9 முதல் 10% வாய்ப்பு சொல்லப்படவில்லை. சொன்னால் பெண்கள் சிசேரியனையே கேட்பார்கள் என்பது மருத்துவர் தந்த காரணம். தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பார் என்பதே, ஒரு தகவலைச் சொல்லியாக வேண்டும் என்பதற்கான மிக வலுவான அறிகுறி என்பதை இளம் மருத்துவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சொன்னால் நோயாளிக்குக் கடுமையான தீங்கு நேரும் என்ற நிலையில் மட்டும் சொல்லாமல் விடலாம் என்ற விலக்கு பல நாடுகளின் சட்டத்தில் உண்டு. அது மிகக் குறுகிய விலக்கு. அழுவார் என்பதோ, சிகிச்சையை மறுத்துவிடுவார் என்பதோ அதற்குள் வராது.

புரிந்ததா என்று அறிவது

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள், மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர் இன்னும் வேகமாகத் தலையாட்டுவார். சோதனையை உங்கள் மீது திருப்பிக்கொள்ளுங்கள்: "நான் தெளிவாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்குப் போனதும் உங்கள் மகள் கேட்டால் இந்த இரண்டு வழிகளையும் எப்படிச் சொல்வீர்கள்?" அவர் சொல்லும் விதத்தில் பிசகு தெரிந்தால், அதே வாக்கியத்தை உரக்கச் சொல்லாமல் வேறு விதமாகச் சொல்லுங்கள். மொழி தெரியாத நோயாளிக்கு அவருடைய குழந்தையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது.

"டாக்டர், நீங்களே சொல்லுங்கள்"

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நோயாளி இப்படிச் சொல்லும்போது புதியவர்கள் திணறுகிறார்கள். முடிவு உங்களுடையது, நான் சொல்லக் கூடாது என்று ஒதுங்கிக்கொள்வதை நோயாளியின் உரிமைக்கு மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். நோயாளியின் பார்வையில் அது கைவிடுதல். அவர் உங்கள் அறிவைத்தான் நாடி வந்திருக்கிறார். பரிந்துரையைக் கேட்பதும் அவர் முடிவெடுக்கும் வழிகளில் ஒன்று.

ஆனால் உடனே விடை சொல்லிவிடவும் வேண்டாம். "சொல்கிறேன், ஐயா. அதற்கு முன் உங்களுக்கு எது முக்கியம் என்று எனக்குத் தெரிய வேண்டும். கொஞ்ச காலம் கூடுதலாக இருப்பதா, இருக்கும் காலத்தில் வலியில்லாமல் நடமாடுவதா?" என்று கேளுங்கள். அவர் சொன்ன விடையை வைத்தே பரிந்துரையைக் கட்டுங்கள்: "மருத்துவமனைக்கு அலைவதுதான் உங்களுக்குப் பெரிய துன்பம் என்றீர்கள். அப்படியானால் நான் இரண்டாவது வழியைச் சொல்வேன். நீங்கள் வேறு விதமாக நினைத்தாலும் அதற்கு ஏற்றபடி செய்யலாம்." இங்கே மருத்துவ அறிவு உங்களுடையது, அளவுகோல் அவருடையது. உங்கள் அப்பாவாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும்; உங்கள் அப்பாவின் விருப்பங்களும் நோயாளியின் விருப்பங்களும் ஒன்றல்ல என்பதை மென்மையாகச் சொல்லிவிட்டு, நோயாளியின் விருப்பங்களுக்குத் திரும்புங்கள்.

அவசரமில்லாத முடிவுக்கு அவகாசம் கொடுங்கள். எத்தனை நாள் வரை காத்திருந்தால் கெடுதல் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். பல நோயாளிகள் இன்றே கையெழுத்திடாவிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

குடும்பத்தார் சொல்ல வேண்டாம் என்றால்

வார்டுக்கு வெளியே மகன் காத்திருப்பார். "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். தாங்கமாட்டார்." இந்த வேண்டுகோளை எதிர்த்து வாதிடுவதும் வீண், ஏற்றுக்கொள்வதும் தவறு. முதலில் அந்தப் பயத்தைக் கேளுங்கள்: "அப்பாவை என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?" பிறகு உங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "அவர் கேட்காததை நான் திணிக்கமாட்டேன். அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்கிறேன். நீங்களும் பக்கத்தில் இருங்கள்." பெரும்பாலான பிள்ளைகள் இதற்கு இணங்கிவிடுகிறார்கள். அறைக்குள் போய்க் கேட்டால், தந்தைக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். கீமோதெரபி வார்டில் படுக்க வைத்துவிட்டு ஒன்றுமில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? அவரும் பிள்ளைகள் வருந்துவார்களே என்று தெரியாதவர்போல் இருந்திருக்கலாம்.

இந்தச் சிக்கல் பெரும்பாலும் நாமே உண்டாக்கிக்கொள்வது. பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு வந்ததும் நோயாளியைத் தாண்டி உறவினரை அழைத்துச் சொல்லிவிடும் பழக்கத்தை விட்டால் பாதி குறைந்துவிடும். அந்தப் பரிசோதனை முடிவு நோயாளியுடையது, அதை யாரிடம் பகிரலாம் என்பதைப் பரிசோதனைக்கு அனுப்பும் அன்றே அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்க இயலாத நிலை

ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்பதை நான்கு கேள்விகளால் பார்க்கிறோம்: சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, முடிவெடுக்கும் வரை நினைவில் வைத்திருக்கிறாரா, நன்மை தீமைகளை எடைபோடுகிறாரா, தன் முடிவை ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்கிறாரா. இது அந்தந்த முடிவுக்கு, அந்தந்த நேரத்துக்குப் பார்க்க வேண்டியது. காலையில் குழம்பியிருந்தவர் மாலையில் தெளிவாக இருக்கலாம். நாம் சொன்னதற்கு மாறாக முடிவெடுத்தார் என்பது திறனின்மைக்குச் சான்றாகாது. நினைவிழந்து வந்தவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை ஒப்புதலுக்காக நிறுத்தி வைக்க வேண்டாம். அவர் முன்பே எழுதிவைத்த மறுப்பு ஏதும் இருப்பது தெரிந்தால் மட்டும் அதை மதிக்க வேண்டும். சிறுவர்கள் சட்டப்படி ஒப்புதல் தர இயலாவிட்டாலும், அவர்கள் வயதுக்கேற்ற அளவில் அவர்களிடமே பேசுங்கள்.

எழுதி வைத்தல்

கையெழுத்திட்ட படிவம் உரையாடல் நடந்ததற்குச் சான்று ஆகாது. கேஸ் ஷீட்டில் ஐந்தாறு வரிகள் எழுதுங்கள்: எந்தெந்த வழிகள் பேசப்பட்டன, எந்த அபாயங்கள் எந்த எண்களோடு சொல்லப்பட்டன, நோயாளி எதை முக்கியம் என்றார், என்ன கேட்டார், என்ன முடிவெடுத்தார், யார் உடனிருந்தார்கள். அவர் தெரிந்துகொள்ள விரும்பாதவற்றையும் எழுதுங்கள், ஏனெனில் இரவுப் பணிக்கு வரும் மருத்துவர் அதை அறியாமல் படுக்கையருகே நின்று சொல்லிவிடக்கூடும். நோயாளி பின்னர் முடிவை மாற்றிக்கொண்டால், பழைய குறிப்பை அடிக்காமல் அதன் கீழே தேதியும் நேரமும் இட்டுப் புதியதை எழுதி, சிகிச்சையில் பங்குகொள்ளும் அனைவருக்கும் அன்றைக்கே தெரிவியுங்கள்.